போஸ்டரின் கடைசி வரி: தேர்தல் விளம்பர வேலைக்கு வரும் மதுரைப் புதியவர்களுக்கு

தேர்தல் போஸ்டரில் தலைவர் படத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், சின்னத்தைப் பார்க்கிறார்கள். அடியில் எறும்பு வரிசைபோல ஓடும் ஒற்றை வரியை நின்று படிப்பவர்கள் குறைவு. அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், அவர்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லும் வரி அது. கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் இரவோடு இரவாக ஒட்டப்படும் சில போஸ்டர்களில் அந்த வரியே இருக்காது. யாரோ ஒருவர் பணம் கொடுத்து இன்னொருவரைப் புகழவோ இகழவோ செய்திருக்கிறார், தன் பெயரைச் சொல்ல மட்டும் அவருக்கு மனம் இல்லை. வாக்காளரை இதைவிட மதிக்காத செயல் இருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

முதல் முறையாகத் தேர்தல் விளம்பர வேலையைக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுயேச்சையாக நிற்கும் மாமாவுக்கு நோட்டீஸ் அடிக்கக் கிளம்பிய மாணவர், வட்டக் கிளையில் முகநூல் பக்கத்தைக் கவனிக்கச் சொல்லி அமர்த்தப்பட்டவர், மாசி வீதிப் பக்கம் புதிதாக டிடிபி கடை திறந்தவர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். "இந்த விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் இன்னார்" என்று நேரடியாக ஒரு வாசகம் போடும்படி நம் சட்டம் போஸ்டரிடம் கேட்பதில்லை. அந்த விவரத்தை அது நான்கு இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது: போஸ்டரின் அடிவரி, அச்சகத்தில் கொடுக்கும் உறுதிமொழித் தாள், தொலைக்காட்சி மற்றும் இணைய விளம்பரங்களுக்கான முன்சான்று, வேட்பாளரின் செலவுக் கணக்கு. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆளும் ஒரே தொகையும் தெரிய வேண்டும். புதியவர்கள் இவற்றைத் தனித்தனிச் சடங்குகளாக நினைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு தொகையையும் எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கட்சிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்று சொல்லித்தான் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தையே ரத்து செய்தது. கோடிகளுக்குப் பொருந்தும் அந்த நியாயம் ஆயிரம் நோட்டீஸுக்கும் பொருந்தும்.

அடிப்பதற்கு முன்னால் கையெழுத்து

வேலையை அச்சகத்தில் தொடங்காதீர்கள். வேட்பாளரிடம் தொடங்குங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின்படி, வேட்பாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அவருடைய வெற்றிக்காகக் கூட்டம் நடத்துவதோ விளம்பரம், சுற்றறிக்கை, வெளியீடு ஆகியவற்றுக்குச் செலவு செய்வதோ குற்றம். 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 171-எச் என்று இருந்த பிரிவு இது, அப்போது அபராதம் 500 ரூபாய்தான்.

நற்பணி மன்றத்துத் தம்பிகள் அன்பினால் நூறு போஸ்டர் ஒட்டுகிறார்கள், சங்கத்துக்காரர்கள் பத்திரிகையில் அரைப்பக்கம் வாழ்த்து கொடுக்கிறார்கள். எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். வேட்பாளருக்குத் தெரிந்து நடந்தால் அது அவருடைய செலவுக் கணக்கில் ஏற வேண்டும், தெரியாமல் நடந்தால் பணம் கொடுத்தவர் இந்தப் பிரிவில் மாட்டுவார். எனவே வேட்பாளரிடமோ அவருடைய தேர்தல் முகவரிடமோ ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்: இன்னாருக்கு, இன்ன வகை விளம்பரத்துக்கு, இன்ன தொகை வரை செலவு செய்ய அனுமதி அளிக்கிறேன் என்று, தேதியும் கையெழுத்துமாக. வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் படம் எழுத்துப்பூர்வ அனுமதி ஆகாது.

அடிவரியை எழுதும் முறை

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 127-ஏ. தேர்தல் துண்டறிக்கை, போஸ்டர் எதுவானாலும் அதன் முகப்பிலேயே அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முகப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். நோட்டீஸின் பின்பக்கத்தில் போடுவதும், போஸ்டரை ஒட்டும்போது அடுத்த போஸ்டருக்கு அடியில் மறைந்துபோகும் ஓரத்தில் போடுவதும் சட்டத்தை ஏமாற்றும் முயற்சிகள். வரி இப்படி இருக்கலாம்:

அச்சிட்டோர்: (அச்சகத்தின் பெயர், கதவு எண், தெரு, மதுரை, அஞ்சல் குறியீடு). வெளியிடுவோர்: (முழுப்பெயர், கதவு எண், தெரு, ஊர்). பிரதிகள்: 1,000.

எத்தனை பிரதி என்பதை அச்சகத்தார் எப்படியும் தனிப் படிவத்தில் எழுதித்தர வேண்டும். அதை அடிவரியிலும் சேர்த்துவிட்டால் பின்னால் செலவுக் கணக்கில் "ஆயிரமா, ஐயாயிரமா" என்ற வாக்குவாதம் வராது.

நம் ஊர்ப் போஸ்டர்களில் "இவண்: வார்டு பொதுமக்கள்", "இவண்: தொகுதி இளைஞர்கள்" என்று முடிப்பது நெடுநாள் வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். சட்டத்துக்கு அது போதாது. பொதுமக்களின் வீட்டுக் கதவைத் தட்டி யாரும் விளக்கம் கேட்க முடியாது. வெளியிடுபவர் என்றால் பெயரும் வீடும் உள்ள ஒரு மனிதர், நாளைக்கு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பதில் சொல்லக்கூடிய ஒருவர். "இவண்" என்ற இடத்தில் உணர்ச்சிக்காக எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அடிவரியில் அந்த மனிதர் இருந்தாக வேண்டும்.

எதெல்லாம் இதில் அடங்கும்? கையால் எழுதிப் படியெடுப்பதைத் தவிர, பிரதிகளைப் பெருக்கும் எந்த வழியும் அச்சிடுதலே என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஆகவே தெருமுனைக் கடையில் எடுக்கும் ஜெராக்ஸும் இதில் அடக்கம். பெரிய விளம்பரப் பலகைகளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் தெளிவாக இருக்க வேண்டும் என்று 2024 மக்களவைத் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் தனியாக அறிவுறுத்தியது. பிளக்ஸில் இடமில்லை என்ற சாக்கு எடுபடாது. இருபதடி பேனரில் பதினைந்து பேர் முகத்துக்கு இடம் இருக்கும்போது ஒரு முகவரிக்கும் இருக்கும்.

விலக்கு ஒன்று உண்டு. கூட்டம் நடக்கும் தேதி, நேரம், இடம் முதலியவற்றை மட்டும் அறிவிக்கும் நோட்டீஸுக்கும், கட்சித் தொண்டர்களுக்கான வழக்கமான அறிவுரைகளுக்கும் 127-ஏ பொருந்தாது. "மட்டும்" என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். "ஞாயிறு மாலை 6 மணி, செல்லூர், பொதுக்கூட்டம்" என்பதோடு நின்றால் விலக்கு. அதன் கீழே "வெற்றிபெறச் செய்வீர்" என்று சின்னத்தோடு ஒரு வரி சேர்ந்தவுடன் அது தேர்தல் துண்டறிக்கை ஆகிவிடுகிறது. எதற்கும் எல்லா நோட்டீஸிலும் அடிவரி போட்டுவிடுங்கள், அதற்கென்று தனியாகக் காசு ஆகப்போவதில்லை.

உறுதிமொழித் தாளும் சிவகாசிக் கேள்வியும்

அச்சகத்துக்குப் போகும்போது வெளியிடுபவர் தானே நேரில் போவது நல்லது. தான் யார் என்று அறிவிக்கும் உறுதிமொழியில் அவர் கையெழுத்திட வேண்டும். அவரை நேரடியாக அறிந்த இருவர் அதில் சான்றுக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பிரதிகள். இதை வாங்காமல் அச்சகத்தார் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. கடைக்காரருக்குச் சொல்கிறேன்: தெரிந்தவர், பழைய வாடிக்கையாளர், முன்பணம் கொடுத்துவிட்டார் என்பதெல்லாம் காரணமாகாது. வழக்கு வந்தால் உங்கள் பெயரும் அதில் இருக்கும்.

அச்சடித்த பிறகு, உறுதிமொழியின் ஒரு பிரதியையும் அச்சிட்ட பொருளையும் அச்சகத்தார் அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். சட்டம் "நியாயமான காலத்துக்குள்" என்கிறது, ஆணையம் அதை மூன்று நாள் என்று வரையறுத்திருக்கிறது. சட்டப்படி அச்சிட்ட பொருள் ஒன்று போதும், ஆணையம் கூடுதலாக மூன்று கேட்கிறது. நான்கை எடுத்து உறையில் போட்டு, எத்தனை பிரதி, எவ்வளவு கூலி வாங்கினோம் என்ற படிவத்தையும் இணைத்துவிடுங்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

எந்த அதிகாரி? மாநிலத் தலைநகரில் அச்சிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, மற்ற இடங்களில் அச்சிட்டால் அந்த மாவட்டத்தின் ஆட்சியருக்கு. அச்சிட்ட மாவட்டம் என்பதே கணக்கு, போட்டி நடக்கும் மாவட்டம் அல்ல. மதுரைக்காரர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் பல வண்ண வேலை என்றால் நாம் சிவகாசிக்குப் போகிறோம். மேலூர் வேட்பாளரின் போஸ்டர் சிவகாசியில் அடிக்கப்பட்டால் உறுதிமொழி விருதுநகர் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். செலவு மட்டும் மதுரையில் காட்டப்படும்.

மக்களவைத் தேர்தலில் இது தலைகீழாகவும் நடக்கும். மதுரை மாவட்டத்தின் பத்துச் சட்டமன்றத் தொகுதிகளில் திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன, உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியில். திருமங்கலத்தில் ஒட்டுவதற்காக மதுரையில் அடித்த போஸ்டருக்கு உறுதிமொழி மதுரை ஆட்சியரிடமும், செலவு விவரம் விருதுநகர் வேட்பாளரின் கணக்கிலும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு தாளையும் நகலெடுத்து, வேட்பாளரின் கணக்குப் பார்ப்பவரிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு மாவட்டக் காகிதங்களும் சேரும் ஒரே இடம் அவருடைய கோப்புதான்.

திரையில் வருவதற்கு முன்சான்று

தொலைக்காட்சி, கேபிள், வானொலி, திரையரங்கு, பொது இடத்தில் ஓடும் எல்.இ.டி. திரை, மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்தி, பதிவு செய்த குரல் அழைப்பு, இணையத்தில் காசு கொடுத்து ஓட்டும் விளம்பரம் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்சான்று வேண்டும். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு விதித்த முறை பிறகு மற்றவற்றுக்கும் விரிந்தது. சான்று கொடுப்பது ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. வேட்பாளருக்கு மாவட்டக் குழு, கட்சிக்குச் சென்னையில் உள்ள மாநிலக் குழு.

பதிவுபெற்ற கட்சியும் வேட்பாளரும் ஒளிபரப்புக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், மற்றவர்கள் ஏழு நாள் முன்னதாக. விளம்பரத்தின் இரண்டு மின்னணுப் பிரதிகளும், சான்றொப்பமிட்ட வசனத் தாளும் இணைக்க வேண்டும். விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விகள்தான் இந்த முறையின் உயிர்: தயாரிக்க எவ்வளவு ஆனது, எத்தனை முறை, என்ன கட்டணத்தில் ஒளிபரப்பாகும், எந்த வேட்பாளருக்கு அல்லது கட்சிக்கு இதனால் பயன். கட்சியோ வேட்பாளரோ அல்லாத ஒருவர் விளம்பரம் கொடுத்தால், இது எந்தக் கட்சியின், வேட்பாளரின் பயனுக்காகவும் அல்ல, அவர்கள் பணமும் கொடுக்கவில்லை என்று பிரமாணம் செய்து தர வேண்டும். கட்டணம் காசோலை அல்லது வரைவோலையில் மட்டும். பெயர் மறைக்க நினைப்பவரை நிறுத்துவது இந்தக் கடைசி விதிதான், வங்கிக் கணக்குக்கு ஒரு பெயர் இருக்குமே.

நாளிதழ் விளம்பரத்துக்குச் சாதாரண நாட்களில் முன்சான்று தேவையில்லை. வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் வெளியாவதற்குத் தேவை. செய்தி உருவில் வரும் விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு போட்ட பாராட்டுச் செய்தி என்று குழு சந்தேகித்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்புவார். 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். இல்லையென்றால் விளம்பரக் கட்டண விகிதத்தில் அந்தத் தொகை அவர் கணக்கில் ஏறும். செய்தி வேண்டுமா, கூட்டத்தை நன்றாக நடத்துங்கள், நிருபர்கள் தாமாக வருவார்கள்.

கைப்பேசியில் ஓடும் விளம்பரம்

உங்கள் சொந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதும் பதிவு, போடும் படம், காணொலி ஆகியவற்றுக்கு முன்சான்று வேண்டாம் என்று ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கிறது. வேட்பாளரின் சொந்தப் பக்கத்துக்கும் அதே விதி. அதே பதிவைக் காசு கட்டிப் பலருக்குக் காட்டச் செய்தால் அது விளம்பரம். சான்று வேண்டும், கணக்கும் வேண்டும்.

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அரசியல் விளம்பரம் ஓட்டுகிறவர் முதலில் தன் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். யார் பணம் கட்டியது என்ற வரி விளம்பரத்தின் மேலேயே வரும். இதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம், எனவே வேட்புமனு நாளுக்காகக் காத்திருக்காமல் முன்பே முடித்துவிடுங்கள். அந்த வரியில் "மதுரையின் குரல்" என்பது போன்ற புனைபெயர்ப் பக்கத்தைப் போட்டுவிட்டு, பின்னால் கட்சி நிர்வாகியின் கடன் அட்டையில் பணம் கட்டுவது இப்போது பெருகியிருக்கிறது. போஸ்டரின் "பொதுமக்கள்" இங்கே வேறு சட்டையில் வருகிறார், அவ்வளவுதான். வேட்பாளர் பெயரையோ, அவர் எழுதிக் கொடுத்து அனுமதித்தவர் பெயரையோ போடுங்கள். மெட்டாவின் விளம்பர நூலகத்தில் இந்த விளம்பரங்கள் ஏழு ஆண்டுகள் இருக்கும், எதிரணியும் பத்திரிகையாளர்களும் அங்கே தேடிப் பார்ப்பார்கள். கூகுளில் என்றால் இந்தியத் தேர்தல் விளம்பரத்துக்கு முன்சான்றையும் கேட்பார்கள்.

செலவு என்பது நிறுவனத்துக்குக் கட்டிய தொகை மட்டும் அல்ல. காணொலி வெட்டி ஒட்டிய தம்பிக்குக் கொடுத்த சம்பளம், படம் வரைந்தவருக்குக் கொடுத்த கூலி எல்லாம் சேரும் என்று ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது.

செயற்கை நுண்ணறிவால் செய்த படமோ குரலோ இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். 2025 அக்டோபரில் ஆணையம் தந்த அறிவுரைப்படி, அந்த அடையாளம் திரையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை மறைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், ஒலி என்றால் முதல் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒலிக்க வேண்டும். உருவாக்கியவர் யார் என்பதும் விளக்கவரியிலோ கோப்பின் விவரத்திலோ இருக்க வேண்டும். மறைந்த தலைவரின் குரலில் பேசவைக்கும் ஆசை எல்லாக் கட்சித் தொண்டருக்கும் வருகிறது. அடையாளம் போட மனமில்லையென்றால் அதைச் செய்யாமல் விடுங்கள்.

கடைசி 48 மணி நேரம்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 126இன்படி, வாக்குப்பதிவு முடிய நிர்ணயித்த நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சி, திரைப்படம், அவை போன்ற சாதனங்களில் தேர்தல் விஷயங்களைக் காட்டக் கூடாது. கணக்கிட வேண்டியது முடியும் நேரத்திலிருந்து. 2019 ஏப்ரல் 18 அன்று மதுரையில் சித்திரைத் தேரோட்டமும் மக்களவை வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்தன. அதனால் மதுரைத் தொகுதியில் வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. மற்ற இடங்களில் 16ஆம் தேதி மாலை 6 மணிக்கு அடங்க வேண்டிய விளம்பரம் இங்கே இரவு 8 மணிக்கு அடங்க வேண்டியதாயிற்று. சென்னை நிறுவனத்திடம் விளம்பர அட்டவணையை ஒப்படைத்திருந்தால், உங்கள் தொகுதியின் நேரத்தை எழுத்தில் தெரிவியுங்கள். தானாக ஓடும்படி வைத்த இணைய விளம்பரங்களுக்கும் அந்த நேரத்திலேயே முடிவு குறித்துவிடுங்கள்.

எல்லாம் வந்து சேரும் கணக்கு

வேட்பாளர், மனுத் தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்னதாகத் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். ஒரு நபருக்கோ கடைக்கோ தேர்தல் காலம் முழுவதும் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பதிவேட்டில் மூன்று நிறப் பக்கங்கள் இருக்கும்: அன்றாடச் செலவுக்கு வெள்ளை, ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். ஆயிரம் போஸ்டருக்கு அச்சகத்தார் கொடுத்த ரசீது வெள்ளைப் பக்கத்தில் ஒரு வரியாக விழும்போது, அதே தொகை மஞ்சள் பக்கத்தில் காசோலை எண்ணோடு இருக்க வேண்டும். உறுதிமொழியோடு இணைத்த படிவத்தில் அச்சகத்தார் எழுதிய கூலியும் அதே தொகையாக இருக்க வேண்டும். பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை இந்தப் பதிவேட்டை ஆணையத்தின் செலவுப் பார்வையாளர் பரிசோதிப்பார். அவர் பக்கமும் உங்கள் செலவைத் தனியாகக் குறித்துவைக்கும் நிழல் பதிவேடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அவருடைய குழு உங்கள் போஸ்டரைப் படம் எடுத்து வைத்திருக்கும். விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். மாவட்ட விலைப்பட்டியலில் பேனருக்கும் நாற்காலிக்கும் தேநீருக்கும்கூட விலை குறித்திருப்பார்கள்.

2022 ஜனவரியில் நிர்ணயித்தபடி தமிழகத்தில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. கட்சியின் பொதுவான விளம்பரம் வேட்பாளர் கணக்கில் வராது. அதில் வேட்பாளரின் பெயரோ படமோ வந்தால் அவருடைய பங்கு அவர் கணக்கில் வரும். தலைவர் கூட்டத்துக்கான பேனரில் ஓரத்தில் சிறிய படம் போடச் சொல்லும் வேட்பாளரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதன் விதிகள் தனி. அந்த நேரத்தில் வெளியாகும் அறிவிப்பை வாங்கிப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வாக்காளராக மட்டும் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம். அடிவரி இல்லாத போஸ்டரைக் கண்டால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார் வசதியைத் திறந்து அந்த இடத்திலேயே படம் எடுத்து அனுப்புங்கள். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. 1950 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தோற்றவருக்கும் டெபாசிட் இழந்தவருக்கும் இது உண்டு. தகுந்த காரணம் இல்லாமல் தவறினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 10-ஏ இன்படி ஆணையம் அவரை மூன்று ஆண்டுகள் போட்டியிடத் தகுதியற்றவராக அறிவிக்கலாம். முடிவு வந்த மறுநாளே அச்சகம் அச்சகமாகப் போய் ரசீதுகளைச் சேகரித்துவிடுங்கள். இன்னும் கொடுக்காமல் பாக்கி நிற்கும் அச்சுக் கூலியும் செலவுதான், அதையும் கணக்கில் எழுதுங்கள், பிறகு அந்தப் பாக்கியைக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.